பல வருசம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் புதிதாக ஞானஸ்நானம் வாங்கத் தயாராகிறவர்களோடு வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேசுகிற வேலை எனக்கு. சம்பளமில்லாத வேலை. பிழைப்புக்குத் திருப்பூரில் கணக்கு எழுதுகிறேன். உயிர்ப்பைப் பற்றியோ மூவொரு கடவுளைப் பற்றியோ அங்கே யாரும் அதிகமாகக் கேள்வி கேட்பதில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒருத்தர் மட்டும் பின்தங்கி நின்று, "அந்தப் பெட்டிக்குள்ள போயி என்னங்க சொல்லோணும்?" என்று மெதுவாகக் கேட்பார்.

புதியவர்கள் கேட்டால் நியாயம். பரம்பரையாகக் கோயிலுக்கு வருகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான் சங்கதி. எட்டு ஒன்பது வயதில் புது நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதற்கு, மனப்பாடம் செய்தது, அப்புறம் கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டாயத்துக்குப் போனது, அதோடு சரி. நடுவில் பதினைந்து இருபது வருசம் ஓடியிருக்கும். இப்போது போகலாம் என்று தோன்றினாலும் முதல் வரியே மறந்துபோயிருக்கும், யாரிடம் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பெயரில் குழம்ப வேண்டாம். பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள், இப்போதைய புத்தகங்களில் ஒப்புரவு அருளடையாளம் என்று இருக்கும், இளசுகள் கன்பெஷன் என்று முடித்துக்கொள்வார்கள். எல்லாம் ஒன்றுதான், செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது.

முதலில், இது உங்களுக்குத் தேவையா

இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்றால் தேவையில்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் வாங்கப்போகிற ஒருவர், அதுவரைக்கும் செய்த எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். அண்ணா, அந்தத் தண்ணீரிலேயே அவ்வளவும் போய்விடும், நோட்டு வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார் பாவம். ஃபாதரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் தாராளமாகப் பேசலாம், ஆனால் பாவமன்னிப்பு என்ற இந்த அருளடையாளம் ஞானஸ்நானத்துக்கு அப்புறம்தான் வருகிறது.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர் கத்தோலிக்கத்துக்கு வருகிறார் என்றால் கதை வேறு. தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்க மாட்டார்கள். ஆகவே சேருவதற்கு முன்னால் அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

சி.எஸ்.ஐ.யிலேயே இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள்: "கடவுள்கிட்ட நேரா சொன்னா ஆகாதுங்களா, நடுவுல மனுசன் எதுக்கு?" அவர்கள் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வதும், குருவானவர் மன்னிப்பைக் கூறுவதும் உண்டு. நாங்கள் யோவான் 20:23-ஐக் காட்டுவோம், உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ என்று சொன்ன இடம். அது வேதத்தில் இருக்கிற காரணம். என் சொந்தக் காரணம் அதைவிடச் சின்னது. நேராகக் கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான்தான் பிரதிவாதி, நான்தான் வக்கீல், தீர்ப்பையும் நானே எழுதிக்கொண்டேன், ஒவ்வொரு முறையும் எனக்கு விடுதலைதான். இன்னொருவர் காதில் விழும்படி என் வாயால் சொன்னபோதுதான் அது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்கே கேட்டது.

மனசு உறுத்துவது போதாது

எபிரேயத்தில் இதற்கு உள்ள சொல் 'திரும்பு' என்கிற சொல்தான், வழி தப்பினவன் வந்த வழியே திரும்பி நடப்பது. கிரேக்கத்தில் 'மெத்தனோயா', மனம் வேறாவது. பழைய தமிழ் வேதாகமத்தில் மனந்திரும்புங்கள் என்று இருப்பது, நாங்கள் இப்போது வாசிக்கும் மொழிபெயர்ப்பில் மனம் மாறுங்கள் என்று இருக்கிறது. எனக்கு என்னமோ பழசுதான் பிடிக்கும், அதில் கால் இருக்கிறது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வருந்தவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27-ஐப் படித்துப் பாருங்கள், வருந்தினான், முப்பது வெள்ளிக் காசையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று வாய்விட்டும் சொன்னான். எல்லாம் செய்தான். ஆனால் போனது தலைமைக் குருக்களிடம், பணம் கொடுத்தவர்களிடம். பேதுருவும் அதே இரவில் மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்று சொன்னவர்தான், அழுதார், ஆனால் மறுபடி சீடர் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார், கரையில் இயேசு நிற்கிறார் என்று தெரிந்ததும் படகு வரட்டும் என்றுகூடப் பார்க்காமல் தண்ணீரில் குதித்தார். உறுத்தல் இருவருக்கும் இருந்தது, திரும்பி நடந்தவர் பேதுருதான். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது என்றால் அது நல்ல அறிகுறிதான், ஆனால் அதையே மனந்திரும்புதல் என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். கண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை. இனிச் செய்ய மாட்டேன், செய்ததைச் சரிப்படுத்துவேன் என்ற முடிவு இருந்தால் போதும்.

ஆன்ம சோதனை

இதுதான் நேரம் பிடிக்கிற வேலை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள், போனைத் தூர வையுங்கள். பத்துக் கட்டளை வரிசையில் போவது பழைய முறை, இன்றைக்கும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. பூசையில் எல்லோரும் சொல்கிற "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்ற வரியை நாலு அறையாகப் பிரித்துக்கொண்டு போகலாம். நாலாவது அறையைத்தான் எல்லோரும் எட்டிப் பார்க்காமல் தாண்டிவிடுகிறோம். ஊரில் அம்மா தனியாகக் கிடக்கிறார், மூன்று மாதமாகப் போன்கூட இல்லை என்பதெல்லாம் அதில்தான் வரும்.

புத்தகத்தில் இருக்கும் பட்டியல் எந்த ஊருக்கும் பொதுவானது. நம் பக்கத்துக்கு நான் சேர்த்துச் சொல்பவை சில உண்டு. பங்காளியோடு வரப்புத் தகராறில் பேச்சை விட்டு எத்தனை வருசம்? அடுத்தவர் முறைத் தண்ணீரை ராத்திரியில் திருப்பிவிட்டதுண்டா? சீட்டு எடுத்துவிட்டு மீதித் தவணை கட்டாமல் நழுவியது? மீட்டர் வட்டி? தோட்டத்து வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமே, அதை இதுவரை யாராவது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்போமா? கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நற்கருணை வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த டம்ளரை எடுத்து நீட்டுகிறோம். மருமகளிடம் நகை கேட்டு நச்சரித்தது, டீக்கடையில் ஒரு பெண்ணைப் பற்றித் தெரியாமல் பேசிச் சிரித்தது, இதெல்லாம் பாவமா என்று கேட்பவர்கள், ஒரு பூசை தவறியதை மட்டும் பயந்து பயந்து சொல்வார்கள்.

பூசை தவறியது என்றதும் ஞாபகம் வருகிறது. காய்ச்சலில் கிடந்ததாலோ, ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டில் நிறுத்திவைத்ததாலோ தவறியிருந்தால் அது உங்கள் பாவத்தில் சேராது. கனவு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியும் வந்து நிற்கிற நினைப்பு, இவையும் சேராது. புருசனிடம் அடி வாங்குவதைப் பாவமாகச் சொல்லி அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா, அது அவன் சொல்ல வேண்டியது. அவனை மன்னிப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்க வேண்டும் என்றோ, போலீஸுக்குப் போகக் கூடாது என்றோ எந்த மறைக்கல்வியும் சொல்லவில்லை.

சாவான பாவம் என்று சொல்வதற்கு மூன்று சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனசாரச் செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டதை என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை தடவை என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது. அற்ப பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயமில்லை. சிலருக்கு எதைச் செய்தாலும் பாவமோ என்ற பயம் விடாது, முந்தாநாள் சொன்னதையே இன்றைக்கும் வந்து சொல்வார்கள். அப்படி இருந்தால் ஒரே ஃபாதரிடம் தொடர்ந்து போங்கள், அவர் போதும் என்றால் நிறுத்துங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

மறந்துவிடும் என்று பயந்தால் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். சட்டைப்பையில் வைத்து அது வீட்டில் துவைக்கப் போன கதையெல்லாம் உண்டு, என்னுடையதுதான்.

எப்போது, எங்கே

பெரும்பாலான பங்குகளில் சனிக்கிழமை சாயங்காலம், இல்லாவிட்டால் ஞாயிறு பூசைக்கு அரை மணி முன்னால் ஃபாதர் உட்கார்ந்திருப்பார். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்பது சம்பள நேரம், எட்டு மணிக்கு ஷிப்ட் விட்டு, கவரை வாங்கி, மளிகைக்கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு வருவதற்குள் கோயில் கேட்டைச் சாத்தியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் ஃபாதருக்குப் போன் போட்டு, வேறு நேரம் வேண்டுமென்று கேட்கலாம். தொந்தரவு என்று நினைக்காதீர்கள், அவர் வேலையில் இதுவும் ஒன்று.

தெரிந்த ஃபாதரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. கோயமுத்தூர் மிக்கேல் அதிதூதர் பேராலயமோ கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பசிலிக்காவோ நம் பக்கத்தவர்களுக்கு எட்டுகிற தூரம்தான், போவதற்கு முன் நேரத்தை மட்டும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் பல பங்குகளில் நாலைந்து சாமியார்களை வரவழைத்து ஒரே நாளில் வைப்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம், ஆனால் பெரிய வரிசை என்பதால் இருபது வருசக் கணக்கை நிதானமாகச் சொல்ல அது தோதான நாள் இல்லை. கூட வேலை பார்க்கும் ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள் கேட்டால் சொல்லுங்கள், தமிழ் தெரிய வேண்டியதில்லை, அவர்கள் மொழி தெரிந்த சாமியாரைத் தேடலாம், மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு, அந்த நபரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒருத்தர் கேட்டார். ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஒரு ரூபாய்கூட.

உள்ளே போன பிறகு

சில கோயில்களில் மரப்பெட்டியும் தட்டியும் இருக்கும், முழங்காலில் நின்று தட்டி வழியாகப் பேசுவது. சில இடங்களில் வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். முகம் தெரியாமல் சொல்ல வேண்டும் என்றால் தட்டி இருக்கிற இடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சிலுவை அடையாளம் போடுங்கள். "என்னை ஆசீர்வதியும் தந்தையே, நான் பாவி" என்று சொல்லி, கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று சொல்லுங்கள். அது மறந்துபோனால், "சாமி, பதினெட்டு வருசம் ஆச்சுங்க, எப்படிச் சொல்றதுன்னே மறந்துபோச்சுங்க" என்று அதையே சொல்லுங்கள், அதுவே போதும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, மின்விசிறி மட்டும் கடக் கடக் என்று ஓடிக்கொண்டிருந்தது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வந்துட்டீங்கல்ல, மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

பாவத்தைச் சுருக்கமாக, நேராகச் சொல்லுங்கள். கதை வேண்டாம். 'என் அண்ணன் இருக்கானுங்களே, அவன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு' என்று ஆரம்பித்தால் நீங்கள் அண்ணனுடைய பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்தவர் பெயர் எதையும் சொல்லக் கூடாது. 'தப்புத்தண்டா நிறைய செய்தேன்' என்று மொத்தமாக மூட்டை கட்டுவதும் வேண்டாம், விரசமான விவரமும் வேண்டாம். கூடப்பிறந்தவனோடு பேசி ஆறு வருசம் ஆகிறது, அவனுக்குக் கெட்டது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படி. ஃபாதர் ஒன்றிரண்டு கேள்வி கேட்கலாம், புத்தி சொல்லலாம். அப்புறம் பரிகாரம் கொடுப்பார், பெரும்பாலும் ஒரு செபமோ வேதத்திலிருந்து ஒரு சங்கீதமோ ஏதாவது ஒரு நற்செயலோ இருக்கும். உங்களால் செய்ய முடியாததாக இருந்தால் அப்போதே சொல்லி மாற்றிக் கேட்கலாம். பிறகு மனத்துயர் செபம். பழைய ஆட்கள் 'சர்வேசுரா சுவாமி' என்று ஆரம்பிக்கிற நீளமான மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாவிட்டால் சொந்த வார்த்தையில் வருத்தத்தையும் இனிச் செய்ய மாட்டேன் என்பதையும் சொன்னால் போதும். அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பைச் சொல்வார், நீங்கள் ஆமென். வழக்கமாக ஐந்து நிமிசம், பல வருசம் கழித்துப் போனால் இருபது.

நிஜமாகவே மறந்துபோன பாவமும் மன்னிக்கப்பட்டுவிடும், கனமானதாக இருந்தால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். கனமான பாவம் ஒன்றை வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்றால் மற்றதும் செல்லாது. வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் மறைக்காதீர்கள். திருச்சபைச் சட்டம் 983-ன்படி பாவசங்கீர்த்தன ரகசியம் என்கிற முத்திரையை உடைக்கவே முடியாது, வார்த்தையாலோ சாடையாலோ, எந்தக் காரணத்துக்காகவும். நேரடியாக உடைக்கிற குரு தானாகவே சபை விலக்கத்துக்கு ஆளாகிறார்.

பரிகாரம் முடிந்தால் கணக்கு முடிந்ததா

பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன்.

சில வருசம் முன்னால் பவர்டேபிள் என்கிற சின்னத் தையல் யூனிட் ஒன்றில் வாரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதினாலு டெய்லர்கள். சனிக்கிழமை கவரில் போடுவதற்கு முன்னால் நோட்டில் ஷிப்டைக் கூட்டுவது நான். அதில் ஒரு அக்கா, தாராபுரம் பக்கம், ஓவர்லாக் மிசினில் உட்கார்ந்தால் நிமிர மாட்டார், கவரை எண்ணிப் பார்க்காமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். எண்ண மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாரம் அரை ஷிப்ட் குறைத்து எழுதினேன், அந்தக் காசு என் பைக்குத் தவணை. நாற்பது வாரம். அப்போது ஷிப்டுக்கு 300 ரூபாய், ஆக அரை ஷிப்ட் 150, மொத்தம் 6,000.

இதைப் பெட்டிக்குள் சொன்னேன். பாவமன்னிப்புக் கொடுப்பதற்கு முன்னால் ஃபாதர் கேட்டது ஒன்றுதான்: "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" நான் எதிர்பார்த்தது ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை. கடவுள் மன்னிக்கிறார் சரி, அவர் மன்னித்துவிட்டதால் அந்த அக்காவின் 6,000 ரூபாய் என்னுடையதாகிவிடுமா என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

தேவ நீதி என்றதும் நமக்கு உடனே ஞாபகம் வருவது தராசும் தண்டனையும்தான். மன்னிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, நீதி மறுபக்கம் இழுக்கிறது, கடைசியில் கடவுள் போனால் போகிறது என்று நீதியை விட்டுக்கொடுக்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 1 யோவான் 1:9 பழைய மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி இருக்கிறது, அவர் மன்னிப்பதற்கு உண்மையும் நீதியும் உள்ளவர் என்று. நீதியோடுதான் மன்னிக்கிறார். கோணிப்போனதை நேராக்குவதுதான் அந்த நீதி என்றால், நான் இருக்கிற கோணலையும் நேராக்க வேண்டும், அக்காவின் கவரில் விழுந்த பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மன்னிப்பு வாங்கிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

வரி வசூலித்த சக்கேயுவின் கதையைச் சின்ன வயதில் மரம் ஏறின குள்ளன் என்று பாட்டாகக் கேட்டிருப்போம். லூக்கா 19-ல் முக்கியமான வரி மரத்துக்கு அப்புறம் வருகிறது, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. அந்த நாலு மடங்கு அவர் கையிலிருந்து போட்டதில்லை. யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ அறுத்தவனுக்கோ அதே கணக்கு. தாவீது ராஜாவும் இறைவாக்கினர் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டு, குற்றவாளி தானே என்று தெரியாமல், நாலத்தனையாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் கத்தினார். எண்ணாகமம் 5:7 இன்னும் கொஞ்சம் இறங்கி வருகிறது, அறிக்கை செய்துவிட்டு முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு. எனக்கு அதுதான் கட்டுப்படியானது. 6,000-க்கு 1,200 சேர்த்து 7,200.

திருப்பிக் கொடுப்பதற்குச் சில நடைமுறை விசயங்கள். நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை, உங்கள் பெயர் தெரியாமல் போய்ச் சேரும்படியும் செய்யலாம், காசு போய்ச் சேருவதுதான் முக்கியம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. யார் என்றே தெரியவில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஏழைகளுக்கு. ஒரேயடியாக முடியாவிட்டால் தவணை, ஆனால் நிஜமான தவணை. அவதூறு பேசியிருந்தால் எந்தக் கடையில் உட்கார்ந்து பேசினீர்களோ அதே ஆட்களிடம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும், 7,200 ரூபாயைவிட அது கஷ்டம். கட்டின மனைவியிடமோ கணவனிடமோ எதைச் சொல்வது, எதைச் சொன்னால் குடும்பம் உடையும் என்பதை மட்டும் அவசரப்பட்டு நீங்களாக முடிவெடுக்காதீர்கள், பாவசங்கீர்த்தனத்திலேயே ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் நேரில்தான் போனேன். அவர் வேறு கம்பெனிக்கு மாறி, ஒரு லைன் வீட்டில் இருந்தார். பதினாலு ஐந்நூறு நோட்டும் இரண்டு நூறு நோட்டும். எதற்கு என்று சொன்னேன். எனக்குத் தெரிந்து அந்த அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பணத்தை எண்ணினார், எச்சில் தொட்டு, மெதுவாக, இரண்டு தடவை. எண்ணிவிட்டு, "ஏனுங் தம்பி, தீவாளிக்கு முந்தி நாலு ராத்திரி விடிய விடியத் தைச்சமே, அது இதுல சேந்துதுங்களா?" என்று கேட்டார்.

சேரவில்லை. அது எனக்கு மறந்தேபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை, அவ்வளவு நாளும் கேட்கவும் இல்லை.

மன்னிச்சுக்குங்கக்கா என்றேன். "காசை வாங்கிக்கிறனுங்க தம்பி. மத்ததெல்லாம் பொறவு பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்சம் வலித்தது, ஆனால் நியாயம்தான். கடவுள் உடனே மன்னிப்பார் என்பது உறுதி, அது அவர் கொடுத்த வாக்கு. மனுசர்கள் அவரவர் நேரத்தில்தான் மன்னிப்பார்கள், ஃபாதர் கொடுத்த பாவமன்னிப்பைக் காட்டி அவர்களை அவசரப்படுத்த நமக்கு உரிமை கிடையாது.

அதற்கு அப்புறம்

கொடுத்த பரிகாரத்தை அன்றைக்கே செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். வெளியே வந்ததும் மனசு பஞ்சு மாதிரி ஆகும் என்று சொல்வார்கள், எனக்கு முதல்முறை பசிதான் எடுத்தது. ஒன்றும் தோன்றாவிட்டாலும் மன்னிப்பு மன்னிப்புதான். அதே பாவத்தில் மறுபடி விழுந்தால் மறுபடி போங்கள். வருசத்துக்கு ஒருமுறையாவது கனமான பாவங்களைச் சொல்ல வேண்டும் என்பது 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் வைத்த சட்டம், இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மாதம் ஒருமுறை, முதல் வெள்ளியை ஒட்டிப் போகிறவர்களும் நிறைய.

உங்களிடம் கடன்பட்டவர்களும் இருப்பார்கள் இல்லையா? நாங்கள் பரலோக மந்திரத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று சொல்கிற இடத்தில் பழைய தமிழ் வேதாகமத்தில் கடனாளிகள் என்றே இருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தச் சொல்தான் சுருக்கென்று படுகிறது. மத்தேயு 18-ல் ஒருத்தனுக்குப் பத்தாயிரம் தாலந்து தள்ளுபடி ஆகிறது. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம், ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி, ஆக ஆறு கோடி நாள் கூலி. ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று போட்டால் 3,000 கோடி. அதைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், நூறு தெனாரியத்துக்கு, அதாவது 50,000 ரூபாய்க்கு, கூட வேலை செய்கிறவன் கழுத்தைப் பிடிக்கிறான். 50,000 ஒன்றும் சின்னத் தொகை இல்லை, வலிக்கத்தான் செய்யும், அதை இயேசு மறைக்கவில்லை. என் அண்ணனோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்குப் போன் போட்டேன், எடுத்தான், இரண்டு நிமிசம் மழையைப் பற்றிப் பேசினோம். இப்போதைக்கு அவ்வளவுதான்.

அக்காவுக்கு விட்டுப்போன நாலு ராத்திரிக்கு 1,200, ஐந்தில் ஒரு பங்கு 240, மொத்தம் 1,440-ஐ அடுத்த சனிக்கிழமை கொண்டுபோனேன். வாங்கி எண்ணினார், சரியாக இருக்குதுங்க என்றார். நான் செருப்பைப் போடும்போது, "டீ வெக்கட்டுங்களா தம்பி?" என்று உள்ளேயிருந்து கேட்டார். எனக்கு அங்கே உட்காரத் தைரியமில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பைக்கில்தான் போயிருந்தேன், தெருமுனையில் நிறுத்திவைத்திருந்தேன். அடுத்த முறை போகும்போது அதையும் சொல்ல வேண்டும்.